அபிஷேகப்பாக்கம் புஷ்பா விட்டுக்கொடுத்த இடம்

புஷ்பா போய்விட்டாள். விடியற்காலை நெஞ்சு வலிக்குது என்றாளாம்... ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது.

மூலக்குளத்தில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீசில் எனக்கும் அவளுக்கும் பக்கத்துப் பக்கத்து சீட். தமிழ் படிக்கத் தெரிந்தால் போதும் என்றார்கள். நான் அஞ்சாவதுதான்.

ஸ்கிரீனில் செய்தி வரும். அதில் உள்ள ஒவ்வொரு பெயரும் என்ன வகை என்று குறிக்க வேண்டும். ஆளா, ஊரா, நெல் ரகமா, பூச்சி மருந்தா... வகை மட்டும் ஆயிரக்கணக்கில். அந்தப் பட்டியலைத் தள்ளித் தள்ளி விரல் மரத்துப்போகும்.

"இதுக்கு நாத்து புடுங்கறதே தேவல க்கா" என்பாள்.

நாங்கள் குறிப்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிற மிஷினும் அப்போது எங்களை மாதிரிதான். ஒரு பெயர் வந்தால் எல்லா வகையையும் ஒன்று விடாமல் வைத்துப் பார்க்கும். அது ஒரு பக்கம் முடிப்பதற்குள் நாங்கள் டீ குடித்துவிட்டு வந்துவிடுவோம்.

அதை மாற்றியது என் பேத்தி நித்யா. பெருமையாகவே சொல்கிறேன். அதே கம்பெனியின் பெங்களூர் ஆபீசில் இருக்கிறாள். வகைகளை எல்லாம் அர்த்தம் பார்த்து முன்கூட்டியே அடுக்கி வைத்துவிட்டாள். பெயர் வந்ததும் அதற்குக் கிட்டத்தில் இருக்கிற நாலைந்து வகையை மட்டும் மிஷின் எடுத்துப் பார்க்கும். மீதியைத் தொடாது. எங்களுக்கும் அந்த நாலைந்துதான் வரும்.

முதல் நாள் புஷ்பா கையை உதறிக் காட்டிச் சிரித்தாள். "உன் பேத்திக்கு சுத்திப் போடு க்கா. இன்னிக்கு விரலே வலிக்கல."

வேலை சீக்கிரம் முடிந்தது... ஆட்களும் குறைந்தார்கள். கடைசியில் எங்கள் ரெண்டு பேரில் ஒருவர் போதும் என்றார் மேனேஜர்.

அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. என் வீட்டில் அப்படி இல்லை. நான் எழுந்தேன். தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டாள்.

"நீ இரு க்கா. அந்தப் பொண்ணு செஞ்சத அவ வூட்டு ஆளு ஒருத்தர் பாக்க வேணாமா?"

நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் தவளக்குப்பத்தில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றாள். கால் வீங்கியிருக்கும். எப்போது பார்த்தாலும் முதலில் மிஷினைத்தான் விசாரிப்பாள்.

நித்யாவுக்கு இதெல்லாம் தெரியக்கூடாது என்று சொல்லியிருந்தாள். இன்று காலை போனில் சொல்லிவிட்டேன்... இனி மறைத்து என்ன.

முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "எத்தன மணிக்கு எடுக்கறாங்க ஆயா?" என்றாள்.

பஸ் ஏறிவிட்டாளாம். அவள் வந்து முகம் பார்த்த பிறகு எடுக்கலாம் என்று புஷ்பாவின் பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டேன். சரி என்றார்கள்.

சாயங்காலம் ஆகிவிடும் புஷ்பா. கொஞ்சம் இரு.