மல்லத்தவளைக்கு நூறு கிலோமீட்டர்

‘பயிற்சி தேவைப்படாத தொழிலாளர்’ என்கிறது அன்புக்கரசியின் கான்ட்ராக்ட் அடையாள அட்டை. நெய்வேலி டவுன்ஷிப்பில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டிகளில் கொசுப்புழு தேடுவது அவர் வேலை. எந்த வீட்டில் புழு இருக்கும் என்பதை வாசலில் நின்றே சொல்லிவிடுவார்.

அவருடைய நடையின் அருமையைக் கண்டுகொண்டவர், ஷிப்ட் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கும் பெர்மனென்ட் ஊழியர் சிலம்பரசன். அவர் ஆடும் போன் விளையாட்டில் ஒரு தலைப்பிரட்டை உண்டு. போனைச் சுமந்து நூறு கிலோமீட்டர் நடந்தால் அது மல்லத்தவளையாகி, நீரிலும் நிலத்திலும் குத்துச்சண்டை போடும். தன் இரண்டாவது போனை அன்புக்கரசியிடம் கொடுத்தார்.

“நடந்து மட்டும் குடுக்கா. ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை போட்டியில நீயே ஆடு.”

அன்புக்கரசி பதினான்கு நாள் நடந்தார். மதியச் சோற்றுக்குப் பிறகு மரத்தடியில் உட்கார்ந்து, விளையாட்டின் பயிற்சிக் களத்தில் ஒவ்வொரு குத்தையும் பழகினார். தலைப்பிரட்டைக்குக் கை கால் முளைத்தது.

ஞாயிறன்று போனை வாங்கிய சிலம்பரசன் திருப்பித் தரவில்லை.

“இதுக்கெல்லாம் ட்ரெய்னிங் வேணும்க்கா.”

“தெனம் பழகிகினு இருந்தது நானுங்க!”

“நடக்கத்தான நடந்த?”

போட்டியில் சிலம்பரசன், நீரில் இறக்க வேண்டிய நேரத்தில் தவளையை நிலத்தில் நிறுத்தி, முதல் சுற்றிலேயே தோற்றார். தவளை சரியாக வளரவில்லை என்று நாலு பேரிடம் சொன்னார்.

திங்கட்கிழமை புதிய தலைப்பிரட்டையோடு போனை நீட்டினார். அன்புக்கரசி அதை வாங்கி, சுவிட்ச் ஆஃப் செய்து, பையில் போட்டுக்கொண்டு அன்றைய வீடுகளைப் பார்க்கப் போனார்.