அசெட்டிலினா புரோப்பேனா என்று கேட்டவர்கள்

காஸ் தோங், அதாவது சிலிண்டர், விற்கும் கடையில் உட்கார்ந்தவருக்கு முதலில் கெடுவது மூக்கு, அடுத்தது பொறுமை. துணிக்கடையில் உட்கார்ந்தவர்களுக்குக் கண் கெட்டிருக்கும், மருந்துக்கடையில் உட்கார்ந்தவர்களுக்குத் தூக்கம் கெட்டிருக்கும். கல்லாவுக்குப் பின்னால் காலம் தள்ளிய உங்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சிங்கப்பூருக்கு இக்கரையில், மாசாயில் என் கணவர் தொடங்கிய கடை இது. அவர் போன பிறகு அந்த நாற்காலி காலியாகக் கிடப்பதைப் பார்க்க முடியாமல் நானே போய் உட்கார்ந்தேன். கல்லூரியில் தமிழ் படித்தவள். வெண்பாவில் தளை தட்டுகிறதா என்று கவனிக்கப் பழகிய காது, இப்போது வால்வில் காற்றுக் கசிகிறதா என்று கவனிக்கிறது. வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

எதும்மா நல்லது?

இரும்பு வெட்ட வருகிற எல்லாருக்கும் ஆக்ஸிஜன் வேண்டும். அதோடு சேர்த்து எரிக்க அசெட்டிலினா, புரோப்பேனா என்பதில்தான் சண்டை. அசெட்டிலின் தீயின் நுனி ஊசிபோலச் சுடும். தகடு சட்டென்று சிவந்து துளை விழும். விலை கூட. புரோப்பேன் மலிவு, சூடு பரவலாக இருக்கும், தகடு சிவக்க நேரமெடுக்கும். சிவந்துவிட்டால் தடித்த தகட்டையும் ஓரம் உருகாமல் நேராக வெட்டிக்கொண்டு போகும். ஆனால் ஆக்ஸிஜனைக் குடித்துத் தீர்க்கும். இதையெல்லாம் நான் பொறுமையாகச் சொல்வேன். எதிரில் நிற்பவரும் பொறுமையாகக் கேட்பார். கேட்டுவிட்டு, வீட்டிலிருந்து புறப்படும்போது எதை நினைத்து வந்தாரோ அதையே வாங்கிப் போவார்.

அப்படி வாங்கிப் போனவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும். ஆறுமுகம் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் இரும்பு வெட்டியவர். விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி, இருட்டிய பிறகு திரும்புவார். ஒரு மழை நாளில் பாலத்து நெரிசலில் சறுக்கி விழுந்ததில் அவருடைய இடது தோள் முழுதாக உயர்வதில்லை. மனைவி பவானி பாசிர் கூடாங்கில் இரும்புச் சாமான் செய்யும் ஒரு கிலாங்கில் வெல்டிங் வேலை பார்த்தவர். “இனி அந்தப் பாலத்துப் பக்கமே போகக் கூடாது” என்று சொல்லி, தன் வேலையையும் விட்டு, அவரோடு சேர்ந்து சொந்தமாக இரும்பு வெட்டும் தொழில் தொடங்கினார். அதில் ஒரு சிக்கல்தான். அவர் அசெட்டிலின் கட்சி, இவர் புரோப்பேன் கட்சி. முதல் நாள் என் கல்லாவுக்கு முன்னால் நின்று ஆறுமுகம் சொன்னார்: “அசெட்டிலின்ல வெட்டுனா இரும்பு தானா வழி விடும்மா. புரோப்பேன்ல வெட்டுறது மாமியார்கிட்ட சினிமாவுக்குப் போக அனுமதி கேக்குற மாதிரி லா.”

தீ நிற்கவில்லை

பவானி பேசிப் பேசி ஒரு புரோப்பேன் தோங்கை வாங்கிப் போக வைத்தார். மறுநாளே ஆறுமுகம் அதை லோரியில் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார். முகத்தில் தேர்தலில் வென்றவரின் களை. “காஸ் சரியில்லம்மா. பத்த வெச்சா தீ நுனிய விட்டுத் தள்ளிப் போயி ‘புஸ்’ஸுனு அணைஞ்சிருது” என்றார்.

பவானி அவரைத் தாண்டிப் போனார். லோரியில் ஏறி இரும்பு வெட்டும் டார்ச்சை எடுத்து வந்து என் மேசைமேல் வைத்தார். முனையில் அசெட்டிலினுக்கு உரிய நாஸில் அப்படியே இருந்தது. புரோப்பேனுக்கு வேறு நாஸில் வேண்டும், அதன் வாயமைப்பே வேறு. பழைய நாஸிலில் புரோப்பேன் தீ ஒட்டாது. ஆறுமுகம் மறந்துதான் மாற்றாமல் விட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. பவானிக்குச் சந்தேகமே இல்லை. “காஸு மேல பழி போடாதீங்க. புது மருமகளுக்குப் பழைய மருமகளோட செருப்ப மாட்டி விட்டுட்டு, நடக்கத் தெரியலன்னு ஊரு பூரா சொல்றீங்க!”

பாயின் அவசரம்

இடையில் ஒருவர். எங்கள் வரிசைக் கடைசியில் உணவகம் நடத்தும் காதர் பாய், ஆறுமுகம் அசெட்டிலினின் பெருமை பேசிக்கொண்டிருந்ததை ஆற்றிய டீயான தே தாரிக் கொடுக்க வந்த இடத்தில் முழுதாகக் கேட்டுவிட்டார். கூட்டமெல்லாம் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தி, முர்தபா ரொட்டிக் கல்லுக்கு அடியில் அந்தத் தோங்கை மாட்டினால் எப்படி இருக்கும் என்று கேட்டார். கல்லும் போய், முர்தபாவும் போய், கடைக் கூரையும் போகும் என்று நான் சொன்ன தொனி கொஞ்சம் கடுமையாக இருந்திருக்க வேண்டும். பாய் காலிக் குவளைகளை எடுத்துக்கொண்டே சொன்னார்: “வெள்ளிக்கிழம கூட்டத்துக்கு சீக்கிரம் வேகுமான்னுதானேம்மா கேட்டேன், அதுக்கு ஏன் என்னைய போலீஸ்ல புடிச்சுக் குடுக்குற மாதிரி பாக்குறீங்க?”

பொட்டு

ஆயுத பூசைக்கு எங்கள் வாடிக்கையாளர்கள் தங்கள் டார்ச்சையும் ஹோஸையும் தோங்குகளையும் கடை முற்றத்துக்கே கொண்டு வருவார்கள். நான் சுண்டல் செய்வேன். எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துத் தீபாராதனை காட்டுவோம். தோங்குகளை எல்லாம் அன்று தள்ளி நிறுத்தி, வால்வைப் பூட்டி, கற்பூரத்தை முற்றத்தின் மறுகோடியில் காட்டுவது எங்கள் கடை வழக்கம். சாமிக்கு அது புரியும்.

அந்த ஆண்டு ஆறுமுகம் ஆக்ஸிஜனுக்குப் பெரிய பொட்டு வைத்தார், அசெட்டிலினுக்கு அதைவிடப் பெரிய பொட்டு வைத்தார், புரோப்பேனைத் தாண்டிப் போனார். ஏன் என்று கேட்டதற்கு, “அது என்னம்மா, சமையல்கட்டு சாமான்தானே” என்றார். சுண்டல் பாத்திரத்தோடு நின்ற பவானி அவருடைய தட்டை மட்டும் காலியாகத் திருப்பிக் கொடுத்தார். “சமையல்கட்டு சாமானுக்குப் பொட்டு வைக்க மாட்டாங்களாம்ல, அப்ப இன்னைக்கு ராத்திரி சோறும் அசெட்டிலின்லயே ஆக்கிக்கச் சொல்லுங்கம்மா.”

நேரான ஓரம்

பண்டார் தெங்காராவுக்கு அப்பால், செம்பனைத் தோப்புக்குள் மூடிக் கிடந்த ஒரு பழைய எண்ணெய் ஆலையைப் பிரித்தெடுக்கும் வேலை வந்தது. அதை எடுத்திருந்த சீன முதலாளி ஆ சோங் தௌக்கே. லாபிஸ் பக்கம் தோட்டத்துக் கடையில் வளர்ந்தவர், அவருடைய தமிழ் என் தமிழைவிடச் சரளம். அவர் ஆறுமுகத்துக்கும் பவானிக்கும் ஒரு சோதனை வைத்தார். ஓர் எண்ணெய்த் தொட்டியையும் கொதிகலனையும் முதலில் வெட்டிக் காட்ட வேண்டும். தொட்டித் தகடுகளை அவர் மறுபடி விற்கப் போகிறார், அதனால் ஓரம் நேராக இருக்க வேண்டும். சனிக்கிழமை கிரேன் வருவதற்குள் முடிய வேண்டும். முடித்தால் முழு ஆலையும் அவர்களுக்கு, நீண்ட நாளுக்குச் சோறு. முடிக்காவிட்டால் பாசிர் கூடாங்கிலிருந்து பெரிய குழு வரும். ஆறுமுகத்துக்குப் பழைய பட்டறையில் இடம் இன்னும் இருந்தது. அவர் அந்தத் தோளோடு மறுபடி பாலத்தில் போவார். இதை அவர்கள் இருவரும் வாயால் சொல்லவில்லை, ஆனால் அந்த வாரம் கடைக்கு வந்தபோது சண்டையே போடவில்லை.

நேரான ஓரத்துக்காகப் பவானி எடுத்த புரோப்பேன் ஆக்ஸிஜனைக் குடித்துக்கொண்டிருந்ததால் எங்கள் லோரி அங்கே போய் வந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் ஓட்டுநர் யூசோப்போடு நானும் ஏறிப் போனேன். தொட்டியின் வளைந்த சுவரில் பவானி ஓர் இரும்புச் சட்டத்தை அணைப்பாகக் கட்டி வைத்திருந்தார். அதை ஒட்டி ஆறுமுகம் வெட்டிக்கொண்டு போனார். அசெட்டிலின் வெட்டு நறுக்கென்று கடித்துப் பேசும். புரோப்பேன் வெட்டு ஒரே சுருதியில், மூச்சு விடாமல், நீளமான அடியாக ஓடும். தோப்பு முழுக்க அந்த ஓசை மட்டும் இருந்தது. நான் அகவலைக் கேட்டிருக்கிறேன், இரும்பு அகவியதை அன்றுதான் கேட்டேன். பிரிந்து விழுந்த தகடு ஆறியதும் பவானி உள்ளங்கையால் அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனார். ஆறுமுகமும் பின்னாலேயே தடவிக்கொண்டு வந்தார். கடைசி முனை வந்ததும் கையுறையை மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்: “மாமியார் அனுமதி குடுத்துட்டாங்க போல.”

பள்ளம்

சனிக்கிழமையும் போனேன். தொட்டி முடிந்துவிட்டது. கொதிகலன் மட்டும் பாக்கி, அதிலும் அடிக்கால்கள் மட்டும். அவை சாம்பல் பள்ளத்துக்குள் இருந்தன. கிரேன் வந்து சாலையோரம் நின்றது. தௌக்கே குடையோடு நின்றார். காலையிலிருந்து வெட்டு நன்றாகப் போயிருந்தது. சாப்பிட்டு வந்த ஆறுமுகம் முழு வேகத்தில் இருந்தார். பள்ளத்து ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டார், கையில் தீமூட்டி.

“மேல ஏறுங்க” என்றார் பவானி.

டார்ச் பள்ளத்துக்குள்ளேயே கிடந்தது. சாப்பாட்டுக்குப் போகும்போது யாரும் அதை மேலே இழுக்கவில்லை, தோங்கின் வால்வையும் மூடவில்லை. பவானி ஓடிப் போய் முதலில் வால்வை மூடினார். பிறகு எல்லாரையும் தள்ளிப் போகச் சொன்னார். தௌக்கே மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, “வாசமே இல்ல பவானி, காத்து வேற அடிக்குது” என்றார். “மேல இருக்காது தௌக்கே. புரோப்பேன் காத்தவிட கனம். தண்ணி மாதிரி அடியில போயி படுத்துக் கெடக்கும்” என்று சொல்லிக்கொண்டே அவர் ஹோஸைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே இழுத்தார். டார்ச் விளிம்புக்கு வந்தபோது அதன் கைப்பிடி வால்வு மயிரிழை அளவு திறந்திருந்தது. டார்ச்சோடு சேர்ந்து காஸ் நாற்றமும் எழுந்து வந்தது. தௌக்கே பின்னால் நகர்ந்தார். ஆறுமுகம் ஏணியிலிருந்து காலை எடுத்து, நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். தீமூட்டி இன்னும் கையில் இருந்தது. பவானி வந்து அதை அவர் விரல்களிலிருந்து பிரித்தெடுத்தார்.

ஊதுவிசிறி கொண்டு வந்து பள்ளத்தின் அடிவரை காற்றை விட்டார்கள். அது நேரமெடுத்தது. பிறகு பவானி என்னிடம் வந்து, “அம்மா, உங்க லோரியில அசெட்டிலின் இருக்கா?” என்று கேட்டார். வேறொரு பட்டறைக்குப் போக வேண்டிய தோங் ஒன்று நின்ற நிலையில் சங்கிலியில் கட்டியிருந்தது. இறக்கச் சொன்னேன். எந்த காஸும் பள்ளத்துக்கு நல்லதில்லை. ஆனால் அசெட்டிலின் கசிந்தால் அடியில் படுத்துக் கிடக்காது, மேலே போகப் பார்க்கும். ஒரு வாரமாகப் புரோப்பேனால் ஜெயித்துக்கொண்டிருந்த பெண், ஜெயிக்கும் நாளில் அதை ஓரமாக நிறுத்திவிட்டு, ஹோஸையும் நாஸிலையும் முதலிலிருந்து மாற்றத் தொடங்கினார். நான் படித்த காவியங்களில் வாளை உருவியவர்கள் நிறைய. உறையில் போட்டவரைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கிரேன் ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு நாளைக்குத்தான் வர முடியும் என்றார். தௌக்கே முகம் கறுத்து, “கிரேன் நிக்குது பவானி, பாத்தியா?” என்றார். பவானி நாஸிலை முறுக்கிக்கொண்டே நிமிராமல் சொன்னார்: “நிக்கட்டும் தௌக்கே. நின்ன கிரேன் மறுபடி நகரும்.”

தௌக்கே வந்தார்

கொதிகலன் மறுநாள்தான் இறங்கியது. தௌக்கே அன்று ஆலையைப் பற்றி ஒரு முடிவும் சொல்லாமல் காரில் ஏறிப் போய்விட்டார். பாசிர் கூடாங் குழுவின் ஆள் ஒருவர் ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனதாக யூசோப் சொன்னார். ஆறுமுகம் மோட்டார் சைக்கிளுக்குப் புது டயர் போட்டிருந்தார். நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன்.

அந்த வாரம் முடிவதற்குள் தௌக்கே என் கடைக்கு வந்தார். நேராகக் கல்லாவுக்கு வந்து, ஆலை முழுவதற்கும் தோங் வேண்டும், லோரி எப்போது வரும் என்று கேட்டார். யாருக்கு என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. பழக்கதோஷத்தில், “அசெட்டிலினா தௌக்கே, புரோப்பேனா?” என்று மட்டும் கேட்டேன். அவர் என்னை ஏதோ சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “என்னைய ஏம்மா கேக்குறீங்க? பவானி எத கேக்குதோ அத அனுப்புங்க. கேட்டத அனுப்பலன்னா அது என்னையும் வெயில்ல நிக்க வெச்சிரும்.”

இத்தனை காலம் எது நல்லது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அதைப் பிடிக்கும் கையை விட்டுவிட்டு நான் காஸைப் பற்றியே பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், யாரும் திருத்தவும் இல்லை, ஏனென்றால் வியாபாரம் அதில்தான் நடக்கிறது.