ஒரு தரம் கேட்டால் போதாது

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கனடாவில், மொன்றியலில் தாதியாக வேலை தொடங்கிய அதே வாரம், அதே வார்ட்டில், அயர்லாந்திலிருந்து வந்த ஒரு தாதியும் சேர்ந்தாள். என் வயதுதான். எனக்குப் பிரெஞ்சு இங்கே பள்ளிக்கூடத்திலேயே வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. இங்கே தாதிகள் தேறியாக வேண்டிய பிரெஞ்சுப் பரீட்சையில் ஒருமுறை தவறியிருந்தாள். அடுத்த முறையும் தவறினால் வேலை அனுமதி போய்விடும், ஊர் திரும்ப வேண்டும்.

"நான் சொல்லித்தரவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"ஐயோ வேண்டாம், சமாளிப்பேன்" என்றாள். இந்த ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். விட்டுவிட்டேன்.

பிறகு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே அம்மாவுக்குப் பித்தப்பை எடுத்தார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் தன் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், மயக்கம் தெளியும்வரை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. என்னைக் கண்டதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பிள்ளை சாப்பிட்டதோ?"

சுகமானதும் அம்மா அவளை லாசால் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டு, இடியப்பத்தை நீட்டினார். அவள் மறுப்பாகத் தலையை ஆட்டினாள்.

"வேண்டாமாம், அம்மா."

"வேண்டாமெண்டா விடுறதோ? உனக்கு ஆர் இந்தப் பழக்கம் பழக்கினது?"

இரண்டாம் தரமும் மறுத்தாள். மூன்றாம் தரம் அம்மா தட்டில் வைத்தே விட்டார். ஆசையாகச் சாப்பிட்டாள். "எங்கள் ஊரிலும் இப்படித்தான். முதல் தரமே ஓம் என்றால் வெட்கக்கேடு. திரும்பக் கேட்பார்கள் என்று தெரியும்" என்று சிரித்தாள்.

அம்மாவுக்கு அதைத் தமிழில் சொல்லும்போதுதான் எனக்கே விளங்கியது.

"அப்போ பிரெஞ்சு?" என்றேன்.

"சேச்சே, உனக்கு எவ்வளவு வேலை இருக்கும்!"

"ஒரு வேலையும் இல்லை. சொல்லித்தரவா?"

"சனிக்கிழமை வரலாமா?"

சனிக்கிழமைகளில் அம்மா நோயாளியாகச் சோபாவில் படுப்பார். எங்கே வலிக்கிறது என்று அவள் பிரெஞ்சில் கேட்பாள். "ஐயோ, இஞ்சை பிள்ளை" என்று அம்மா முழங்காலைக் காட்டுவார். அந்த வலி மட்டும் நடிப்பு இல்லை.

பரீட்சையில் தேறினாள். செய்தி கேட்டதும் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு முகம் மாறியது.

"அப்ப அவளின்ரை தாய்? பிள்ளை ஊருக்குத் திரும்பி வருவாளெண்டு பாத்துக்கொண்டெல்லோ இருந்திருப்பா."

நான் அதை யோசித்திருக்கவே இல்லை. அவள் எங்களுக்குக் கிடைத்தாளே என்ற நன்றிதான் மனது நிறைய இருந்தது. அதில் பாதி அந்தத் தாய்க்குச் சேர வேண்டியது.

"அந்த மனிசிக்கு போன் எடுத்துத் தரச் சொல்லு. நான் கதைக்க வேணும்."

"எந்தப் பாஷையில, அம்மா?"

"அதை நீ பார்."