தங்கச்சியின் ஸ்மூதி

என் தங்கச்சி பிளெண்டரைத் திருகினால் எங்கள் வீட்டுப் பூனை எழும்பி ஓடும். அந்தப் பூனைக்கு இருக்கிற அறிவு எங்கள் தெருப் பெண்களுக்கு இல்லாமல் போனதுதான் எனக்குப் பெரிய ஆத்திரம்.

உம்மா எங்கள் இருவருக்கும் சாய்ந்தமருதில் ஒரே வளவுக்குள் வீடு கட்டித் தந்தவர். முன்வீடு எனக்கு, பின்வீடு அவளுக்கு, நடுவில் இடுப்பளவு மதில். எங்களைக் கட்டிய மாப்பிள்ளைமார் இருவரும் அந்த மதிலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக வந்து குடியேறியவர்கள். கறி, பலகாரம், கோள் எல்லாம் மதிலால்தான் போய்வரும்.

போன வருஷம் அவள் போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரி இலையை அரைத்துக் குடிப்பதைப் பார்த்தாள். அன்றோடு போயிற்று. ஒரு பிடி வல்லாரை, ஒரு பிடி முருங்கையிலை, பொன்னாங்காணி, பாதி வாழைப்பழம், ஒரு துண்டு இஞ்சி, தேசிக்காய்ப் புளி. எல்லாவற்றையும் பச்சையாகவே போட்டு அடிப்பாள். வருவது சாணி கரைத்த நிறத்தில் ஒரு கூழ். அதை உயரக் கிளாசில் ஊற்றி, புதினா இலை ஒன்றைக் குத்தி, ஜன்னலோரம் வைத்துப் படம் எடுப்பாள். படம் எடுத்து முடிவதற்குள் அது அடியில் தண்ணீரும் மேலே நுரையுமாகப் பிரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் குடிப்பது.

"ராத்தா, இது ஒடம்புல இருக்கிற நஞ்செல்லாம் எடுக்கும்" என்றாள் ஒருநாள்.

"ஒன்ட ஒடம்புல என்ன நஞ்சுகா? பாம்பு கடிச்சதா?"

நான் மனையியல் டீச்சர். இருபத்தெட்டு வருஷமாகப் போசாக்கு படிப்பிக்கிறேன். ஈரலும் சிறுநீரகமும் எதற்கு இருக்கின்றன என்று என் வகுப்பில் கடைசி வாங்கில் தூங்குகிற பிள்ளைக்கும் தெரியும். இவள் பத்தாம் வகுப்பில் என்னிடமே படித்தவள். இப்போது வாட்ஸ்அப்பில் குழு ஒன்று வைத்து, மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை பெண்களுக்குப் பாடம் நடத்துகிறாள். அவளை அந்தப் பெண்கள் 'மிஸ்' என்று கூப்பிடுகிறார்களாம். என் வயிறு எப்படி எரியும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஹஜ் பெருநாளன்று உச்சம். குர்பான் இறைச்சி பை பையாக வீட்டுக்கு வீடு போகிற நாள். தெருவே மாட்டிறைச்சி மணக்கிறது. இவள் தன் பங்கை எனக்குத் தந்துவிட்டு, பலாக்காயைப் பிய்த்து மசாலாவில் பிரட்டி, தட்டில் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் வைத்தாள்.

"அசல் இறச்சி மாதிரியே இருக்கும், தின்டு பாருங்க."

"இறச்சி மாதிரி வேணுமெண்டா இறச்சியத் தின்னன்கா! பாவம் அந்தப் பலாமரம், அது ஒனக்கு என்ன செஞ்ச?"

வந்திருந்த சொந்தக்காரரெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் முகம் சிறுத்துவிட்டது. என் கணவரைப் பார்த்து, "மச்சான், நீங்களாவது ருசி பாருங்க" என்றாள். நல்ல மனிதர், ஒரு துண்டை எடுத்தார். நான் விடுவேனா?

"அவரு என்ன மாடா, இல தின்ன? பெருநாள் முடிஞ்சா அறுக்கவும் சொல்லுவாய்."

இன்னொரு சிரிப்பு. அவர் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் சிரித்தேன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்கு வருஷத்துக்கு முன் இதயத்தில் செயற்கை வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க ஒவ்வொரு நாளும் குளிசை. ரத்தம் தடித்தால் வால்வில் கட்டி விழும். மிதமிஞ்சி இளகினால் எங்காவது உடைத்துக்கொண்டு வரும், நிற்காது. இரண்டுமே உயிருக்கு ஆபத்து. கீரை அந்தக் குளிசையை எதிர்க்கும் என்பதால், தின்பதென்றால் எப்போதும் ஒரே அளவில் தின்ன வேண்டும், திடீரென்று கூட்டவும் குறைக்கவும் கூடாது என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். நான் ஞாயிறும் புதனும் அளந்து ஒரு கீரைச் சுண்டல் செய்வேன். அவ்வளவுதான். அந்த மனிதரின் உயிர் என் அகப்பையில்தான் இருக்கிறது என்று எனக்குள் ஒரு பெருமை.

இந்தக் கதையைத் தங்கச்சிக்கு ஒரு நாளாவது உட்காரவைத்துச் சொன்னேனா? இல்லை. கிண்டலடிக்கத்தான் எனக்கு நேரமிருந்தது.

பெருநாள் கழிந்து வந்த கிளினிக்கில் அவருடைய ரத்தம் தடித்திருப்பதாகச் சொன்னார்கள். கீரை ஏதும் கூடுதலாகச் சாப்பிடுகிறாரா என்று டொக்டர் அவரைப் பார்த்துத்தான் கேட்டார். வழக்கம்போல நான்தான் பதில் சொன்னேன்.

"இல்ல டொக்டர். சாப்பாடெல்லாம் என்ட கையாலதான். நான் மனையியல் டீச்சர்."

குளிசையைக் கூட்டினார்கள். அடுத்த முறையும் அதே கேள்வி, அதே பதில். இன்னும் கொஞ்சம் கூட்டினார்கள். அவர் கிளினிக் கொப்பியை மடியில் வைத்து அதன் மூலையை மடித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "வாயத் தொறந்து ஒரு சொல்லுக் கதைக்கிறதில்ல நீங்க" என்று அதற்கும் ஏசினேன்.

பிறகு தங்கச்சியும் அவள் மாப்பிள்ளையும் மக்காவுக்கு உம்றா செய்யப் போனார்கள். வளவில் பிளெண்டர் சத்தமில்லை. நிம்மதி என்று பள்ளிக்கூடத்தில் எல்லா டீச்சர்மாரிடமும் சொல்லித் திரிந்தேன்.

அவர்கள் போய் இரண்டாவது வாரம், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து சோறு போட்டுக்கொண்டிருக்க, அவருக்கு மூக்கால் ரத்தம் வந்தது. தலையைக் குனியவைத்து மூக்கைப் பிடித்தேன். நிற்கவில்லை. சாரனெல்லாம் ரத்தம். பல் ஈறாலும் கசிந்தது. யா றப்பே என்று கத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். எதிர்வீட்டார் ஓட்டோவில் ஏற்றிவிட்டார்கள். வழியெல்லாம் அவர் கையைப் பிடித்திருந்தேன். என்னை விட்டுவிட்டுப் போய்விடாதீங்க என்று, இத்தனை வருஷத்தில் ஒருநாளும் சொல்லாததைச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் மூக்குக்குப் பஞ்சு வைத்து அடைத்து, ஊசி போட்டு, ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மிதமிஞ்சி இளகிவிட்டதாம்.

இளம் டொக்டர் ஒருவர் கொப்பியைப் புரட்டினார். "இவ்வளவு காலமும் தடிச்சிக்கிட்டு வந்த ரத்தம் இப்ப ஏன் இப்பிடி இளகின? இந்த ரெண்டு கிழமைக்குள்ள சாப்பாட்டுல என்ன நிப்பாட்டின நீங்க?"

"ஒண்டும் நிப்பாட்டல்ல டொக்டர். நான் மனையியல் டீச்சர்" என்றேன்.

"நான் அவரக் கேட்டன்."

அவர் டொக்டரைப் பார்க்கவில்லை. மூக்கில் பஞ்சோடு என் முகத்தைப் பார்த்தார். டொக்டரும் என்னைப் பார்த்தார்.

"டீச்சர், கொஞ்சம் வெளிய நில்லுங்க."

திரைச்சீலைக்கு வெளியே வந்து நின்றேன். உள்ளே அவர் கதைத்தார், தெளிவாக, நிறுத்தாமல்.

"எங்கட மச்சி, இவட தங்கச்சி, இலயெல்லாம் பச்சையா அடிச்சி ஒரு கிளாஸ் தாற. இவ பள்ளிக்கூடம் போனப் பொறகு மதில்ல வெச்சி பீரிசால மூடிட்டுப் போவா. பெருநாளைக்கி அவட மனசு நொந்து போச்சு, அதுக்காகத்தான் முதல்ல குடிச்ச நான். மறுகா எனக்கும் புடிச்சிட்டு. இப்ப அவ உம்றாவுக்குப் போயிட்டா."

"கீரை கூட்டக்கூடாதெண்டு உங்களுக்குச் சொல்லல்லயா?"

"சொன்ன. அது கறியாக்கிற கீரையத்தான் எண்டு நினைச்ச நான். கேட்டுப் பாக்கவும் ஏலாமப் போச்சு."

"மனிசி டீச்சர்தானே. அவவுக்கிட்டயாவது கேட்டிருக்கலாமே? உயிர் போற விசயம்."

"கேட்டா சிரிப்பா, டொக்டர்."