அவர் விடாமல் வைத்திருந்த பேர்

அமெரிக்காவிலிருந்து வந்த என் மகன், கூட வேலை பார்ப்பவர் ஒருவரையும் கூட்டி வந்திருந்தான். அந்த நாட்டுக்காரர்; கறுத்த, நெடிய மனிதர். தாடியெல்லாம் நரை. யார் எதிரே வந்தாலும் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவார். எங்கள் காட்டில் களையெடுக்க வந்த பெண்களிடமும் அப்படித்தான்.

எருமப்பட்டிப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலுக்கு அவரும் வந்தார். தட்டை வாங்கிய பூசாரி அவரைக் காட்டி, "இவுங்க என்ன கூட்டமுங்க?" என்றார். எங்கள் பக்கம் வம்சத்தைக் கூட்டம் என்போம்.

"எங்க கூட்டம்னே சொல்லு சாமி. நெறமும் எங்களுதுதானே!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மகன் விளக்கிச் சொன்ன பிறகும் அவர் சிரிக்கவில்லை. தன் குடும்பப் பேரைச் சொன்னார். பிறகு அவர் பேசப் பேச மகன் தமிழில் சொன்னான்.

"எங்க முன்னோரை அடிமைச் சந்தையில வாங்கின பண்ணைக்காரன் பேருங்க அது. அதுக்கு முந்தி என்ன பேரு, எந்த ஊருன்னு ஒண்ணும் தெரியாது."

எனக்கு மனசு கேட்கவில்லை. "அதை எதுக்குச் சாமி இன்னும் வெச்சிருக்கறீங்க? தூக்கி வீசுங்க."

"எல்லாரும் சமம்னு எழுதி வெச்ச நாட்டுல, ஓட்டுப் போடப் போன எங்க தாத்தாவை அடிச்சுத் தொரத்துனாங்க. மறுபடியும் போயி இந்தப் பேர்லதான் போட்டாரு. அன்னைக்கே இது எங்க பேராயிருச்சுங்க."

பூசாரி அந்தப் பேருக்கே அர்ச்சனை செய்தார்.

எங்கள் கூட்டத்தில் ஏழு தலைமுறைப் பேரை இன்றும் தடுமாறாமல் சொல்லுவேன். அவர் பேர் மட்டும் மறந்துபோனது. மகனைக் கேட்டால் சொல்லுவான்தான். அடிபட்டுக் காப்பாற்றிய பேரை, இன்னொருவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிட்டேனே என்றுதான் மனசு ஆறவில்லை.