மூன்று லூர்களும் வாங்காமல் விட்ட குறடும்

இது நடந்தது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு என்று நினைக்கிறேன், இலையுதிர் காலம். இடம், மொன்றியல் தீவின் மேற்கு முனையில் இருக்கும் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ. அங்குள்ள கல்லூரி ஒன்றின் சமையலறையில் எனக்கு வேலை. காலையில் போய் வெங்காயம் உரித்து, தட்டுக் கழுவி, பிற்பகலில் வெளியே வந்தால் பியர்பொன்ட்ஸுக்குப் போகும் பஸ் அப்போதுதான் புறப்பட்டுப் போயிருக்கும். அந்த பஸ்ஸுக்கும் எனக்கும் என்ன பகையோ தெரியாது. அடுத்தது வரும்வரை நதியோரக் கால்வாய்க் கரையில் போய் நிற்பேன்.

பியர்பொன்ட்ஸில் ஒரு யாழ்ப்பாணத்து அக்காவின் வீட்டு பேஸ்மென்ட் அறையில் வாடகைக்கு இருந்தேன். நான் திருகோணமலைக்காரி. கலியாணம் செய்து இங்கே வந்தேன், அது ஒத்துவரவில்லை, அவர் ரொறன்ரோவுக்குப் போய்விட்டார், நான் இங்கேயே நின்றுவிட்டேன். அதைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது அதற்குப் பிறகு வந்த தனிமையைப் பற்றித்தான். வேலையிடத்தில் எல்லோரும் பிரெஞ்சு. எனக்கு விளங்கும், ஆனால் வாயைத் திறந்தால் வராது. வீட்டுக்கார அக்கா நல்லவர், ஆனால் அவருக்கு மூன்று பிள்ளைகளும் இரண்டு வேலையும். சில வாரங்களில் வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து திங்கள் காலைவரை என் குரலை நானே கேட்டதில்லை. பழகிவிட்டது என்று எல்லோருக்கும் சொல்வேன். பொய். பழகவே இல்லை.

கோயிலுக்குப் போவதையும் குறைத்துக்கொண்டேன். போனால் யாராவது ஒருவர் பிரசாதத் தட்டோடு பக்கத்தில் வந்து, "இன்னும் தனியத்தான் இருக்கிறீரோ?" என்று கேட்பார். அக்கறையில்தான் கேட்பார்கள், தெரியும். ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பிறகு சர்க்கரைப் பொங்கல் தொண்டையில் இறங்காது. கால்வாய்க் கரையில் அந்தத் தொந்தரவு இல்லை. அங்கே எல்லோரும் தனியாகத்தான் நின்றார்கள். ஆளுக்கொரு தூண்டில்.

யாரோ வீட்டு வாசலில் வைத்து விற்ற பழைய தூண்டில் ஒன்றை நானும் வாங்கினேன். கடற்கரை ஊர்க்காரி என்பதால் எனக்கு மீன்பிடி தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சந்தையில் மீன் வாங்குவது மட்டும்தான். செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவப்பாக இருந்தால் பேரம் பேசுவேன். அவ்வளவுதான்.

கோடைத் தொடக்கத்தில் ஒருநாள் கரையில் நின்ற ஒருவர் தண்ணீரிலிருந்து ஒரு மீனைத் தூக்கினார். என் இடுப்பளவு நீளம். உடம்பெல்லாம் மங்கிய கோடுகள், வாயெல்லாம் பல். மஸ்கி என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் மஸ்கினோன்ஜே என்று நீட்டிச் சொல்வார்கள். இந்த நதியின் பெரிய ரவுடி அதுதான். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரே ஆசையாகிவிட்டது. ஆசை மீன்மேல் இல்லை. எங்கள் வீடுகளில் சின்ன மீன் அந்தந்த அடுப்போடு முடிந்துவிடும். பெரிய மீன் என்றால் பங்கு போட வேண்டும், ஆட்களைக் கூப்பிட வேண்டும். "என் அறைக்கு ஒருநாள் வாருங்கள்" என்று சும்மா ஒருவரை அழைக்க எனக்குத் துணிவில்லை. "பெரிய மீன் ஒன்று அகப்பட்டுவிட்டது, தனி ஆளால் சாப்பிட ஏலாது, வாருங்கள்" என்று அழைக்கலாம் அல்லவா? வீட்டுக்கார அக்கா குடும்பம், வேலையிடத்தில் முகம் பார்த்துச் சிரிக்கும் இரண்டு பெண்கள், எல்லோரையும் மனதுக்குள் அந்த அறையில் உட்கார வைத்துவிட்டேன். கதிரை காணாது என்ற கவலையும் வந்துவிட்டது.

முதலில் எங்கள் ஆட்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். மலிவு விலைக் கடையில் ஒரு பெட்டி நிறைய லூர்கள் வாங்கினேன். லூர் என்றால் இரைக்குப் பதிலாகக் கட்டும் பொம்மை மீன். பளபளவென்று, விரல் நீளத்தில், தோடு வாங்குவதுபோல் நிறம் பார்த்துத் தெரிந்தெடுத்தேன். மஸ்கி அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒருமுறை மட்டும் எதுவோ இழுத்தது. அடுத்த கணம் நூல் பல்லால் கடித்ததுபோல் அறுந்து வந்தது. பல்லால்தான் கடித்திருக்கிறது.

பிறகுதான் மீன்பிடிச் சாமான் விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். சுவர் முழுக்க லூர்கள், ஒவ்வொன்றும் அகப்பை நீளம். விலையைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பப் பார்த்தேன். கடைக்காரர் விடவில்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு மூன்று போதும் என்றார். தகடு சுழன்று பின்னால் மயிர்க்குஞ்சம் ஆடும் ஒன்று, இழுக்க இழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மரமீன் ஒன்று, மேற்பரப்பில் சலசலவென்று சத்தம் போடும் ஒன்று. அங்கே தண்ணீர் வெறும் தேநீர் நிறம், அதனால் ஒன்று கறுப்பாகவும் ஒன்று கண்ணைக் குத்தும் செம்மஞ்சளாகவும் இருக்கட்டும் என்றார். ஒரே நாளில் வாங்க வேண்டாம், குஞ்சம் வைத்ததை முதலில் வாங்கு, மற்றவை பிறகு என்றும் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பல் அறுக்காமலிருக்க நூல் நுனியில் கட்டும் உருக்குக் கம்பியையும் எடுத்துத் தந்தார். அதுவும் சரி. கடைசியாக, நீண்ட மூக்குள்ள குறடு ஒன்றையும் தூண்டில் முள்ளை வெட்டும் குறடு ஒன்றையும் மேசையில் வைத்து, "லூர் இல்லாமல் போனாலும் போ, இது இல்லாமல் போகாதே" என்றார். அங்கேதான் என் மூளை வேலை செய்தது. ஆளைப் பார்த்துத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்து, குறடுகளை அவர் பக்கமே தள்ளிவிட்டேன். சமையலறையில் அப்பளம் பொரிக்கும் கிடுக்கி இருக்கிறதே, அது போதாதா?

மூன்று லூர்களும் சேர கோடை முடிந்துவிட்டது. அவற்றை எப்படி எறிவது என்பதை ஒரு மனிதரைப் பார்த்துத்தான் படித்தேன். என் வயது இருக்கும், அல்லது கொஞ்சம் கூட. சாம்பல் நிறத் தொப்பி, எப்போதும் ஒரே மேலங்கி. கோடை தொடங்கியதிலிருந்தே நான் போகும் நாளெல்லாம் அவரும் இருப்பார், ஆனால் ஒரு விளக்குக் கம்பம் தள்ளித்தான். தலையை மட்டும் அசைப்பார், ஒரு சொல் பேசமாட்டார். நான் கொஞ்சம் கிட்டப் போனால் அவர் கொஞ்சம் விலகிப் போவார். என்னைப் பிடிக்கவில்லைப்போல, என் நிறம்தானாக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். தனியாக இருக்கும் மனது இப்படியான முடிவுகளை மிக வேகமாகக் கட்டும்.

ஒவ்வொரு முறையும் லூரை இழுத்து முடித்தபின் அவர் தூண்டில் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு எட்டு என்ற இலக்கம் எழுதுவார். லூரைக் கழுவுகிறார் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பிறகுதான் விளங்கியது, மஸ்கி கரைவரை லூரைத் துரத்திக்கொண்டு வருமாம், கடைசியில் அந்த எட்டைப் பார்த்துத்தான் பாயுமாம். நானும் எட்டு எழுதத் தொடங்கினேன்.

ஒக்டோபர் கடைசி. குளிரில் கரை வெறுமையாகிவிட்டது. அவரும் நானும்தான். மரமீனை எறிந்து இழுத்து, வெறும் பழக்கத்தில் எட்டைப் போட்டேன். காலடியில் தண்ணீர் வெடித்தது. தூண்டில் வில்லாய் வளைய, என் கைகள் இரண்டும் தோளிலிருந்து கழன்றுவிடும்போல் இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஒருவழியாக அது களைத்துப் பக்கவாட்டில் சாய்ந்தது. கரையின் கற்படியில் முழங்காலிட்டேன். அப்போது என் கை செய்த காரியத்தை இன்றுவரை நம்ப முடியவில்லை. சந்தையில் செய்வதுபோல் செவுளைத் தூக்கிச் சிவப்பா என்று பார்த்தேன்! உயிரோடு, தண்ணீருக்குள் கிடக்கும் மீனின் செவுளை! அது தலையை ஒரு உதறு உதறியது. லூரின் முன் முட்கள் அதன் தாடையில், பின் முட்களில் ஒன்று என் பெருவிரலின் அடிச் சதைக்குள். ஆழமாக. அது உதறும் ஒவ்வொரு தடவையும் முள் இன்னும் உள்ளே போனது. மீனும் நானும் ஒரே லூரில் கட்டுண்டு கிடந்தோம்.

இடக்கையால் பையிலிருந்த கிடுக்கியை எடுத்தேன். அப்பளம் வேறு, மஸ்கி வேறு. அது வளைந்துபோனது. இரத்தம் தண்ணீரில் கலந்தது. விளக்குக் கம்பத்துக்கு அப்பால் அந்த மனிதர் எனக்கு முதுகு காட்டி நின்றார். கூப்பிட்டால் கேட்கும் தூரம். ஆனால் என்னால் கூப்பிட முடியவில்லை. வலியைவிட அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. யாரையும் எதற்கும் கூப்பிடாமலே இரண்டு வருடம் வாழ்ந்துவிட்டேன். என்ன மொழியில் கூப்பிடுவது? அவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றால்? அந்த அவமானத்துக்குக் கை போனாலும் பரவாயில்லை என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். மீன் மறுபடி உதறி என்னை ஒரு படி கீழே இழுத்தது. முழங்கால்வரை பனித்தண்ணீர். அடுத்த படி இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. எனக்கு நீந்தவும் தெரியாது.

"ஐயோ, ஆராவது இஞ்ச வாங்கோவன்!"

அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ. தமிழில்தான் வந்தது. மனிதர் தன் தூண்டிலைப் போட்டது போட்டபடி விட்டு ஓடி வந்தார். மேலங்கியோடு தண்ணீருக்குள் இறங்கி, ஒரு கையால் மீனை அமுக்கிப் பிடித்து, "அசையாதே, அசையாதே" என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்து ஒரு குறட்டை உருவினார். கடைக்காரர் என் முன்னால் வைத்த அதே மாதிரிக் குறடு. டக் என்று ஒரு சத்தம். எனக்கும் மீனுக்கும் இருந்த உறவு அறுந்தது.

என்னைக் கற்படியில் உட்கார்த்தி, தன் கழுத்துத் துணியால் கையைச் சுற்றினார். பிறகு மீனிடம் போய் அதன் தாடையிலிருந்த முட்களையும் வெட்டி எடுத்து, வாலைப் பிடித்துத் தண்ணீரில் மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டினார். அது மூச்சு மீண்டு இருட்டுக்குள் போய்விட்டது. இங்கே மஸ்கியை யாரும் கொல்வதில்லையாம். கையில் முள் குத்திக்கொண்டிருக்க, எனக்கு அழுகை வந்தது மீனுக்காக. இனி யாரை, என்ன சொல்லிக் கூப்பிடுவேன்?

தன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவசரப் பிரிவில் காத்திருப்பது எப்படி என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என்னை இறக்கிவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. நனைந்த காற்சட்டையோடு பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். இயந்திரத்தில் சூப் வாங்கி வந்து, என் இடக்கையில் தந்தார். போகலாம், நான் சமாளிப்பேன் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் இரண்டு மூன்று தடவை சொன்னேன். விளங்காதவர்போல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு என்று பெரிதாக ஒன்றுமில்லை. என்ன லூர் என்று கேட்டார், சொன்னேன். நல்ல லூர் என்றார். கிட்ட வந்தால் ஏன் விலகிப் போவீர்கள் என்று நானும் கேட்டுவிட்டேன். என் கேள்வி அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. லூர் எறிய இடம் வேண்டுமே, இன்னொருவருக்கு இடம் விடுவதுதான் மரியாதை என்றார். அந்தக் கோடை முழுவதும் அவர் எனக்கு மரியாதை செய்துகொண்டிருந்திருக்கிறார், நான் அதை வெறுப்பென்று வீட்டுக்குக் கொண்டுபோய் அழுதிருக்கிறேன்.

ஒருவழியாக என் பெயரைக் கூப்பிட்டார்கள். அவரும் எழுந்தார். தாதி கையைக் காட்டி மறித்து, குடும்பத்தவர் மட்டும்தான் உள்ளே வரலாம், நீங்கள் இவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்கு என் பெயர்கூட அப்போதுதான் தெரியும். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. உலகத்தில் மிகச் சாதாரணமான விஷயத்தைச் சொல்வதுபோல் சொன்னார்.

"நாங்கள் சேர்ந்து மீன் பிடிக்கிறவர்கள்."

தாதி அவரை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு கதவை இருவருக்குமாகத் திறந்து பிடித்தார். உள்ளே முள்ளை எடுக்கும்போது நான் அழுதேன். வலிக்கிறதா என்று வைத்தியர் கேட்டார். ஓம் என்று பொய்க்குத் தலையாட்டினேன்.

இன்று எனக்குக் கூப்பிட ஆட்கள் இருக்கிறார்கள், மீன் இல்லாமலே கூப்பிடுகிறேன், அவர்களும் வருகிறார்கள். ஆனால் என் வாழ்க்கையிலேயே மிகத் தனியாக இருந்தேன் என்று நான் நினைத்திருந்த அந்தக் கோடையை, ஒரு விளக்குக் கம்பம் தள்ளி நின்ற ஒருவர் "சேர்ந்து" என்று எண்ணியிருந்தார் என்பதை நினைக்கும்போது, இன்னும் எத்தனை பேரை அப்படிப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தெரியாமல் இருந்துவிட்டேனோ என்று மனம் இப்போதும் கலங்குகிறது.