சந்தனம் பூசிய பிஸ்டல்

அத்தானுடைய பிஸ்டலை நான் முதன்முதலாகப் பார்த்தது அவர்கள் வீட்டுச் சாமியறையில். அன்று ஆயுத பூசை. வாழையிலையில் நெல்லு மில்லின் ஸ்பனர்கள், தராசுப் படிக்கற்கள், பிள்ளைகளின் கொம்பாஸ் பெட்டி, அக்காவின் தையல் கத்தரிக்கோல் எல்லாம் வரிசையாக இருக்க, நடுவில் அது கறுப்பாகப் படுத்திருந்தது. பூசைக்கு முன்னர் அதற்கு எண்ணெய் பூச வேண்டும் என்று அத்தான் மெசின் எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து நீட்டினார். அக்கா வாங்கவில்லை. "மில்லில மணக்கிறது காணும். சாமியறைக்கை அதைக் கொண்டராதேங்கோ" என்றாள். விளக்குக்கு விட்டு மிஞ்சிய நல்லெண்ணெயைக் கையில் ஊற்றி, பிள்ளைக்கு முழுக வைக்கத் தலையில் தேய்ப்பது போலத் தாராளமாகத் தேய்த்தாள். பிறகு, குழைத்து வைத்த சந்தனத்தைக் கைப்பிடியிலும், முதுகிலும், கண்ணில் பட்ட இடுக்குகளிலும் அப்பி, மேலே குங்குமம் வைத்தாள். அந்தக் கோலத்தில் அதைப் பார்த்து ஒரு கள்ளனும் பயப்பட்டிருக்க மாட்டான்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். வவுனியாவிலிருந்து செட்டிகுளம் போகும் வழியில் நெல்லு மில் வைத்திருந்தவர். நெல்லு வாங்கக் காசோடு ஊர் ஊராகத் திரிகிறவர் என்பதால், பல வருடங்களுக்கு முன்னர் முறைப்படி அனுமதி எடுத்து அந்தப் பிஸ்டலை வாங்கினார். வாங்கும்போதே அது பழையது. ஒவ்வொரு வருடமும் அனுமதியைத் தவறாமல் புதுப்பித்தார். சுடவில்லை, ஒரு தடவை கூட. வவுனியாவில் சண்டை நடந்த அந்த நாட்களில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால் என்ன நடக்கும் என்பது இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். வெடித்தது காகத்துக்கா மனிதனுக்கா என்று யாரும் நின்று விசாரிக்க மாட்டார்கள். ஆகவே பிஸ்டலுக்கு வருடத்தில் ஒரு நாள்தான் வேலை, சாமிக்கு முன்னால் படுத்திருப்பது. மற்ற நாட்களில் அது அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். அது இருக்கிறது என்ற தைரியத்தில் அத்தான் நன்றாகத் தூங்கினார். அக்காவும் தூங்கினாள் என்றுதான் நினைக்கிறேன்.

எனக்குக் கிளிநொச்சியில் கடை. பழைய தண்ணிப் பம்பிகளையும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்களையும் வாங்கித் திருத்தி விற்கிறேன். வயல் செய்கிற உருத்திரபுரத்துக் கமக்காரர்கள் ஒரு பம்பியைக் கொண்டுவந்து இறக்கினால், அது இருமுகிற இருமலை வைத்தே இன்னும் எத்தனை போகம் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். சில வேளை பிழைக்கும். பிழைத்ததை நான் வெளியில் சொல்வதில்லை. இந்தப் பெயர் அத்தானுக்கும் தெரிந்திருந்தது. அக்கா இறந்து ஒரு வருடம் ஆன பிறகு ஒரு நாள் தொலைபேசி எடுத்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் கனடாவில். மில்லை மூடியாயிற்று. அத்தனை பெரிய வீட்டில் அவர் மட்டும். "நீ பழைய சாமானுக்கு விலை சொல்லுறனி தானே. இந்தப் பிஸ்டலை விக்கலாமெண்டு பாக்கிறன். என்ன பெறும், வேலை செய்யுமோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லு" என்றார். பம்பியும் பிஸ்டலும் ஒன்றா என்று சிரித்தேன். "நாளைக்கே வா" என்றார்.

அடுத்த நாள் என் சின்ன லொறியில் வவுனியாவுக்குப் போனேன். அங்கே துவக்குத் திருத்த உரிமம் உள்ள முஸ்லிம் பெரியவர் ஒருவர் இருக்கிறார், எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். பொலிஸ் ஆயுதசாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், வாயைத் திறந்தால் பழைய பொலிஸ் கதை ஓயாது. அத்தானையும் பிஸ்டலைப் பத்திரமாகச் சுற்றிய பொட்டலத்தையும் அவரிடம் கொண்டுபோனேன். பிஸ்டலைக் கண்டதும் நானாவின் கதை நின்றது. மணல் வாளியை நோக்கிப் பிடித்து முதலில் மகசினைக் கழற்றினார். பிறகு மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்தார். அது வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. இரண்டாம் தரம் பலமாக இழுக்க, உள்ளே கிடந்த தோட்டா மேசையில் விழுந்து உருண்டது. நான் அத்தானைப் பார்த்தேன். வீட்டில் பூட்டி வைக்கிற பிஸ்டலுக்குள் தோட்டா ஏற்றி வைக்கிற மனிதர் அல்லர் அவர்.

நானா ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் துணியில் பரப்பினார். நான் பம்பி பார்ப்பதும் இப்படித்தான், ஆகவே ஆவலோடு குனிந்து பார்த்தேன். குழலை வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே பார்த்தார். "குழல் புதுசு மாதிரி இருக்கு. அதிகம் சுட்டே இல்ல போல. மேலயும் கீழயும் நம்பர் ஒண்டுதான், இடையில யாரும் பாகம் மாத்தல்ல. மகசின் ஸ்பிரிங் மட்டும் தளர்ந்து போச்சு. அது பெரிய விசயமில்ல." விலை மனதுக்குள் ஏறிக்கொண்டிருந்தது எனக்கு. பிறகு அவர் தோட்டாவை அடிக்கிற ஊசி இருக்கும் துவாரத்தை ஒரு கம்பியால் நோண்டினார். மண்ணிறத்தில், காய்ந்த பிசின் போல ஏதோ உதிர்ந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார்.

"சந்தனம்" என்றார். "சந்தனமும் நல்லெண்ணெயும். இரண்டும் சேர்ந்து இறுகி ஊசி அசையவே இல்ல. இதுக்கு ஆரு நல்லெண்ணெய் பூசினது?"

நான் வாயைத் திறக்க முதல் அத்தான் கேட்டார். "எத்தினை வருசமா இப்பிடி இருக்கும்?"

"கன வருசம். இருவதுக்குக் குறையாது."

"அப்ப இழுத்தா ஒரு சத்தம் மட்டும் கேக்கும், என்ன? டிக் எண்டு."

நானாவின் கை அப்படியே நின்றது. மேசையில் கிடந்த தோட்டாவை எடுத்து அதன் அடியைத் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறலும் இல்லை. "ஓம். சத்தம் கேக்கும். ஆனா ஊசி தோட்டாவைத் தொடாது" என்று மெதுவாகச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் முகத்தை நிமிர்த்தவில்லை. "கழுவினா சரிவரும். நல்ல விலைக்கும் போகும். இப்பிடியே எண்டா இரும்பு விலைதான். என்ன செய்ய?" என்று என்னைத்தான் கேட்டார். தோட்டாவை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அத்தான் கழுவச் சொல்லிவிடுவாரோ என்ற பயம் தவிர வேறு ஒன்றும் எனக்குள் இல்லை.

"வேண்டாம்" என்றார் அத்தான். "அப்பிடியே பூட்டுங்கோ."

லொறியில் ஏறிய பிறகும் நான் சாவியைத் திருப்பவில்லை. பொட்டலம் அவர் மடியில் இருந்தது. தோட்டாக்களை நான் என் சட்டைப் பைக்குள் போட்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவரே தொடங்கினார்.

"நான் விலை கேக்க வரேல்லையடா."

"விளங்கிச்சுது, அத்தான்."

"அக்கான்ர முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிஞ்சு நீங்களெல்லாம் வெளிக்கிட்டுப் போன மற்ற நாள். மத்தியானம் சோறு ஆக்கிப்போட்டு, பழக்கத்தில சாப்பாட்டுக் கோப்பை இரண்டு எடுத்து வைச்சிட்டன். பிறகு ஒண்டைத் திருப்பிக் கொண்டுபோய் அடுக்க என்னால ஏலாமல் போச்சு. அப்பதான் அலுமாரியைத் திறந்தனான்." கொஞ்சம் நிறுத்தினார். "தோட்டா பழுதாக்கும் எண்டு நினைச்சன். திருப்பி ஒருக்காச் செய்யத் துணிவு வரேல்லை. ஆனா பிழை எதில எண்டு தெரியாமல் இருக்கவும் ஏலேல்லை."

ஒரு வருடம் முழுக்க இதை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் அவர் தனியே இருந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் கனடாவிலிருந்து தொலைபேசி எடுக்கும்போது சுகமாயிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். எனக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க வழியில்லாமல் லொறியின் முன்கண்ணாடியைத் துடைத்தேன்.

"அவா தெரிஞ்சோ அப்பிடிச் செய்தவா?" என்று கேட்டார்.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்றும் தெரிந்தது. ஆனால் அக்காவை எனக்குப் பிறந்தது முதல் தெரியும். "இல்லை, அத்தான். விளக்குக்கு மிஞ்சின எண்ணெய். அவ்வளவுதான்."

"ஓம்" என்று தலையாட்டினார். "தெரிஞ்சு செய்திருந்தா அண்டைக்கே ஊர் முழுக்கச் சொல்லியிருப்பா." சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே தோள் குலுங்கத் தொடங்கியது. தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்று நான் கதவுக் கண்ணாடியை உயர்த்திவிட்டேன். அவர் ஆறும் வரை இருவரும் அங்கேயே இருந்தோம்.

பிஸ்டலை முறைப்படி பொலிஸில் ஒப்படைத்தோம். வேலை செய்யுமா என்று அங்கிருந்தவர் கேட்டார். நானாக இருந்தால் விற்கிற சாமானைப் பற்றி அப்படி ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லியிருக்க மாட்டேன். "இல்லை" என்று அத்தான் சொல்லிவிட்டு, கையெழுத்து வைத்து, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தார். கிளிநொச்சிக்கு வந்து எங்களோடு இருக்கச் சொல்லி நானும் மனைவியும் எவ்வளவோ கேட்டோம். மாட்டேன் என்றுவிட்டார். அக்கா இருந்த வீட்டைப் பூட்டிப்போட்டு வரமுடியாதாம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மத்தியானமும் அவர் சாப்பிடுகிற நேரத்துக்கு நான் தொலைபேசி எடுப்பதுண்டு. என்ன கறி என்று கேட்பேன். பருப்பு என்பார், கத்தரிக்காய் என்பார். அவ்வளவுதான் கதை. ஏன் எடுக்கிறேன் என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. போன கிழமை கடையில் சரியான சனம். இரண்டு பேர் ஒரே பம்பிக்கு விலை பேசிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். நேரம் போனதே எனக்குத் தெரியவில்லை. திடீரென்று நினைவு வந்து, தொலைபேசியை எடுக்கக் கையை நீட்டும்போது அதுவே அடித்தது.

"இண்டைக்கு நீ எடுக்கேல்லை" என்றார் அத்தான். "நான் இருக்கிறன்."